தேர்மோஸ்டாற்றைக் கழற்றி எறிந்தால் டீசல் எங்கே போகிறது?

பழைய டீசல் பிக்கப் ஒன்று சூடேறத் தொடங்கினால் எங்கள் கராஜ்களில் சட்டென்று வரும் யோசனை ஒன்றுண்டு: "தேர்மோஸ்டாற்றைக் கழற்றி விடுங்கோ, எங்கட வெயிலுக்கு அது தேவையில்லை." எஞ்சின் சூடேறும்வரை, தண்ணீரை ஆற்றும் றேடியேற்றருக்கு அதைப் போகவிடாமல் மறித்து வைக்கும் சிறு வால்வுதான் தேர்மோஸ்டாற். கழற்றியதும் வெப்பமானி முள் கீழே இறங்கும், எல்லோருக்கும் நிம்மதி. அதன் பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக டீசல் வீணாவதை யாரும் அதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. வாகனத்துக்கு வயது போய்விட்டது, அப்படித்தான் குடிக்கும் என்று விட்டுவிடுகிறோம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை நெருக்கிச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்ற வைப்பதுதான் அதன் வேலைமுறை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த ஹைலக்ஸ் போன்ற வாகனங்களில் காற்று ஏறத்தாழ 22 மடங்கு நெருக்கப்படுகிறது; வெப்பநிலை 500 பாகையைத் தாண்டும். சிலிண்டர் சுவர் குளிர்ந்திருந்தால் இந்தச் சூட்டில் ஒரு பங்கை அது உறிஞ்சிக்கொள்ளும். டீசல் பிந்திப் பற்றும், ஒரு பகுதி சரியாக எரியாமலே வெளியேறும். அந்தக் காலத்து எஞ்சின்கள் பலவற்றில் டீசல் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படுவதில்லை. பக்கத்தில் இருக்கும் ஒரு சின்ன அறைக்குள் பீச்சப்பட்டு, எரியத் தொடங்கிய பிறகே சிலிண்டருக்கு வருகிறது. அந்த அறையின் சுவரும் சூட்டை இழுப்பதால் இவற்றில் இழப்பு இன்னும் கூட. போதாக்குறைக்கு, சூடேறாத எஞ்சின் ஒயில் தடிப்பாகவே இருக்கும். அதைத் தள்ளிச் சுழலவும் டீசல்தான் செலவு.

இந்த எஞ்சின்கள் நன்றாக வேலை செய்வது தண்ணீர் 80 பாகையைத் தாண்டிய பிறகுதான். யாழ்ப்பாணத்து வெயில் 35 பாகை என்றாலும் எஞ்சினுக்கு அது குளிர்தான். அதுவும் கொடிகாமம் சந்தை, திருநெல்வேலி சந்தை என்று குறுகிய ஓட்டம் ஓடுகிற வாகனம், தேர்மோஸ்டாற் இல்லாவிட்டால் சரியான சூட்டுக்கு வருவதற்குள் வீடு திரும்பிவிடும்.

தேர்மோஸ்டாற் மிக எளிமையான பொருள். உள்ளே ஒரு சிறு கிண்ணத்தில் மெழுகு. அது உருகி விரிந்து ஒரு ஊசியைத் தள்ள, வாய் திறந்து தண்ணீர் றேடியேற்றருக்குப் போகும். விளிம்பில் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும். அடுப்பில் தண்ணீர்ச் சட்டிக்குள் நூலில் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியையும் வைத்துப் பாருங்கள். அந்த எண்ணை நெருங்கும்போது வாய் மெல்லத் திறக்கும். திறக்காவிட்டால் புதிதாக வாங்குங்கள், வெறுமையாக விடாதீர்கள். பல ஜப்பானிய எஞ்சின்களில் இது திறக்கும்போதே, றேடியேற்றருக்குப் போகாமல் சுற்றும் குறுக்குவழியை அடைத்தும் விடுகிறது. கழற்றினால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். பாரம் ஏற்றி நீண்ட தூரம் ஓடும்போது சூடான தண்ணீர் ஆறாமலே திரும்பிவந்து, தவிர்க்க நினைத்த அதே சூடேற்றத்தைக் கொண்டுவரும்.

அப்படியானால் முதலில் ஏன் சூடேறியது? பெரும்பாலும் குற்றவாளி எங்கள் கிணறுதான். குடாநாட்டின் நிலத்தடி முழுக்கச் சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கல்தான் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய றேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. உலோகத்தோடு பார்த்தால் அது சூட்டைக் கடத்துவது மிகக் குறைவு. ஆகவே படிவைக் கரைத்துக் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரோடு கூலன்ற் என்ற குளிர்விப்புத் திரவத்தைக் கலந்து விட்டு, தேர்மோஸ்டாற்றைத் திரும்பப் பூட்டுவதே முறையான வைத்தியம்.

கரும்புகை அடுத்த விசயம். எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வருகிறது என்று அதன் பழைய டீசல் பம்புக்குத் தெரியாது. மிதித்த அளவுக்கு டீசலைக் கொடுத்துவிடும். செம்மண் புழுதியால் காற்று வடிகட்டி அடைபட்டால் காற்று குறையும், டீசல் குறையாது. எரியாத மிச்சம் கரியாகப் போகும். வடிகட்டி சுத்தமாக இருந்தும் புகை வந்தால் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரைச் சோதிக்கக் கொடுங்கள். பூந்தூறலாகச் சிதற வேண்டிய டீசல் துளிதுளியாக விழுந்தால், துளியின் நடுப்பகுதி எரிய நேரம் போதாது.

காற்றுத் தடையை எங்கள் ஊரில் யாரும் கணக்கெடுப்பதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். அது வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும்: 60 இல் இருந்து 90 கிலோமீற்றருக்குப் போனால் தடை இரண்டேகால் மடங்கு. ஏ9 வீதியில் இதை நேரடியாகவே உணரலாம். பண்ணைப் பாலத்தில் சங்கதி வேறு. சோழகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வேலணைப் பக்கம் போவதென்றால் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் போக வேண்டும். எதிர்க்காற்று 25 கிலோமீற்றர் என்று வைப்போம். 60 இல் ஓடும் வாகனத்துக்கு அது 85 இல் மோதும் காற்று, தடை இரட்டிப்பாகிறது. திரும்பி வரும்போது காற்று பின்னால் இருப்பதால் தடை மூன்றிலொன்றாகக் குறையும். சரி, இரண்டும் கழிந்துவிடாதா? கழியாது. கூட்டிப் பாதியாக்கினால், காற்றில்லாத நாளைவிட ஏறத்தாழ 17 வீதம் கூடுதலாகவே நிற்கும். எதிர்க்காற்றுக்குள் 50 இல் போனால் அந்த இரட்டிப்பு ஒன்றரை மடங்காகக் குறைந்துவிடும்.

ரயர் காற்றைக் காலையில், வாகனம் ஓட முன்னர் அளவிடுங்கள். காற்றுக் குறைந்த ரயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிந்து சூடாகிறது, அந்தச் சூடும் டீசலிலிருந்து வந்ததுதான்.

தரிப்பிடமோ சந்தியோ தெரிந்தால் நியூட்டரலில் தட்டிவிடும் பழக்கத்தைக் கைவிடலாம். கியரிலேயே வைத்துக் காலை எடுத்தால், சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றும். டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் பம்பின் கவர்னர் டீசலை முழுதாக நிறுத்திவிடும். நியூட்டரலிலோ எஞ்சின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்ள டீசல் கேட்டுக்கொண்டே இருக்கும், அதோடு பிரேக்குக்கும் வேலை கூடும்.