துக்க வீட்டில் கைப்பிரதி வேண்டாம்

திருகோணமலையில் வளர்ந்த வேதக்காரர் (கிறிஸ்தவர்) ஒருவருக்குச் சைவக்காரச் சிநேகிதர் இல்லாமல் இருப்பது நடக்காத காரியம். முஸ்லிம் சிநேகிதரும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கு, கச்சேரியில் பக்கத்து மேசை, உப்புவெளிக் கடற்கரையில் ஒரே கிரிக்கெட் அணி. கோணேசர் கோயில், பத்திரகாளி அம்மன் கோயில், புனித மரியாள் பேராலயம், மெதடிஸ்த ஆலயம், பள்ளிவாசல் எல்லாம் ஒரே நகரத்துக்குள் இருக்கும்போது வேறு எப்படி இருக்கும்?

நான் உளவளத்துணையாளர், கிறிஸ்தவர். அதனால் இந்த விஷயத்தின் இரண்டு பக்கமும் என்னிடம் வருகிறது. வாலிபர் ஐக்கியக் கூட்டங்களுக்குப் பேசப் போனால், "சிநேகிதரிட்ட இயேசுவைப் பற்றி எப்படிக் கதைக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. வேலை நாட்களில் ஆலோசனை அறைக்கு அந்தச் சிநேகிதர்களே வந்து உட்காருவார்கள். "அவ நல்ல பிள்ளைதான். ஆனா இப்ப கேற்றடியில அவட சத்தம் கேட்டாலே நான் உள்ளுக்குப் போயிடுறன்" என்று ஒரு பெண் சொன்னார்.

அவருடைய கதையை, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். கணவர் திடீரென்று இறந்துவிட்டார். சைவ வீடு. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை அடுப்பு மூட்டுவதில்லை, மச்சம் வீட்டுக்குள் வருவதில்லை. கூட வேலை செய்கிற கிறிஸ்தவத் தோழி தினமும் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்து கொடுத்தார். தன் வீட்டுச் சட்டியில் மீன் வாடை இருக்கும் என்று இதற்காகவே புதுச் சட்டி வாங்கிச் சமைத்திருக்கிறார். எத்தனை பேருக்கு அது தோன்றும்? நாலாம் நாள் சாப்பாட்டுக் கரியரின் அடியில் மடித்து வைத்த ஒரு கைப்பிரதி இருந்தது. மேலே பெரிய எழுத்தில், 'நீங்கள் இறந்தால் எங்கே போவீர்கள்?'

தோழி அதை அந்தப் பெண்ணுக்காகத்தான் வைத்தார். அந்தப் பெண் அதைத் தன் கணவரைப் பற்றிய கேள்வியாக வாசித்தார். கரியரைக் கழுவி, பிரதியை மடித்தபடியே உள்ளே வைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். தோழிக்கு அந்த நன்றி நல்ல அறிகுறியாகப் பட்டிருக்கும். "நாலு நாள் சாப்பிட்டிட்டு எப்பிடி வேண்டாம் எண்டு சொல்லுறது?" என்று அந்தப் பெண் என்னிடம் கேட்டார்.

எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தின் முடிச்சு இந்தக் கேள்விதான். உதவி வாங்கிக்கொண்டிருப்பவரால் உதவி செய்பவரிடம் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. துக்கம், நோய், கடன், வேலை இழப்பு எதுவானாலும் இதே கதைதான். அவர் தலையாட்டுவார், கண்ணை மூடி ஜெபத்துக்கு நிற்பார், ஒரு ஞாயிறு ஆலயத்துக்கும் வந்து பின்வாங்கில் உட்காருவார். அப்புறம் ஒருநாள் காணாமல் போவார். சபையில் 'பின்வாங்கிப் போனார்' என்பார்கள். அவர் முன்னுக்கு வந்ததே நன்றிக்கடன் தீர்க்கத்தான் என்பது யாருக்கும் தெரியாது.

துன்ப நேரத்தில்தான் மனம் திறக்கும், அந்தச் சந்தர்ப்பத்தை விடக்கூடாது என்று சொல்லிக் கொடுக்கிற ஊழியர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. கதவு திறந்திருக்கிறதா, பூட்டு உடைந்து கிடக்கிறதா என்று பார்த்துத்தான் ஒரு வீட்டுக்குள் போகவேண்டும். ஆளை இழந்த புதிதில் நித்திரை இருக்காது, யோசனை ஓடாது. காணியை விற்காதீர்கள், வேலையை விடாதீர்கள், பெரிய முடிவு எதையும் இப்போதைக்கு எடுக்காதீர்கள் என்றுதான் எங்கள் தொழிலில் சொல்வோம். மதம் காணியை விடப் பெரிய விஷயம் இல்லையா?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பும் இல்லை. 2011இல் வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவை, உலகத் திருச்சபைகள் மன்றம், உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து, பல சமயத்தார் வாழும் இடங்களில் கிறிஸ்தவர் எப்படிச் சாட்சி சொல்லவேண்டும் என்று ஓர் ஆவணம் வெளியிட்டன. இந்த மூன்றும் ஒரே தாளில் உடன்படுவது சின்ன விஷயமில்லை. மக்களின் வறுமையையும் தேவையையும் பயன்படுத்திக்கொள்ளக் கூடாது, மதம் மாறுவது பெரிய முடிவு, அதற்கு யோசிக்கப் போதிய காலமும் முழுச் சுதந்திரமும் வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. எங்கள் பகுதி வாலிபர் கூட்டங்களில் இதை வாசித்த ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

நம் மண்ணில் இதற்குப் பழைய காயமும் இருக்கிறது. இந்தத் துறைமுகத்துக்குச் சிலுவையோடு வந்த போர்த்துக்கேயர்தான் கோணேசர் கோயிலை இடித்து, அந்த இடத்தில் கோட்டை கட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மிஷனரி பேர்சிவலோடு உட்கார்ந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கு உழைத்த ஆறுமுக நாவலர்தான் பிறகு மிஷனரிகளின் பிரசாரத்துக்கு எதிராகச் சைவத்தை எழுப்பினார். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்துபோன பிறகு, நிவாரணத்தோடு மதமும் விற்கிறார்கள் என்ற பேச்சு கரையோரம் முழுக்க இருந்தது. எவ்வளவு உண்மை, எவ்வளவு வதந்தி என்பது வேறு விஷயம். நீங்கள் ஒரு சிநேகிதரிடம் 'இயேசு' என்று வாயெடுக்கும்போது அவர் காதில் இவ்வளவும் சேர்ந்துதான் விழுகிறது.

சட்டத்தைப் பற்றியும் கேட்பார்கள். இலங்கை அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தை வைத்திருக்கவும் ஏற்கவும் உரிமை தருகிறது. 14(1)(உ) வழிபடவும் கடைப்பிடிக்கவும் போதிக்கவும் உரிமை தருகிறது. மதத்தைப் பரப்பும் உரிமை இதற்குள் அடங்காது என்று 2003இல் கன்னியர் சபையொன்றின் சட்டமூலம் பற்றிய தீர்மானத்தில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2004இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமூலம் சட்டமாகவில்லை. ஆக, சிநேகிதர் இருவர் தேத்தண்ணி குடித்தபடி கடவுளைப் பற்றிக் கதைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. என் கவலை சட்டமில்லை, சிநேகிதம்.

சரி, அப்படியானால் வாயே திறக்கக்கூடாதா? திறக்கலாம். சமாரியப் பெண்ணின் கதையை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டிருப்போம். இயேசு அங்கே முதலில் என்ன செய்கிறார்? "தாகத்துக்குத் தா" என்று கேட்கிறார். களைத்துப்போய்க் கிணற்றடியில் உட்கார்ந்திருக்கிறார், கையில் வாளியும் இல்லை. தண்ணீர் அவள் கையில் இருக்கிறது. தரமாட்டேன் என்று சொல்ல அவளால் முடியும். அவளும் சும்மா விடவில்லை, 'நீ யூதன், என்னிடம் எப்படிக் கேட்கலாம்' என்று திருப்பிக் கேட்கிறாள். அவளால் மறுத்துப் பேச முடிகிற இடத்தில்தான் அந்த உரையாடல் தொடங்குகிறது.

நம் ஆட்களில் பலர் எப்போதும் கொடுக்கிற பக்கத்திலேயே நிற்கிறார்கள். பார்சல் கொடுப்பது, ஜெபம் கொடுப்பது, புத்தி கொடுப்பது. சிநேகிதரிடமிருந்து எதையும் வாங்குவதில்லை. அவரிடம் மோட்டார்சைக்கிளை இரவல் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுக் கஷ்டத்தை அவரிடம் சொல்லி அழுங்கள். கொடுக்கல் வாங்கல் சமமாக இருக்கிற சிநேகிதத்தில் 'எனக்கு இதில் நம்பிக்கை இல்லை மச்சான்' என்று அவர் தயங்காமல் சொல்வார். அப்படிச் சொல்ல முடிகிறவரோடுதான் நம்பிக்கையைப் பற்றிக் கதைக்க முடியும்.

வாலிபர் கூட்டமொன்றில் ஒரு தம்பி மனவருத்தத்தோடு சொன்ன சம்பவம் இது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, அலுவலகத்தில் மத்தியானச் சாப்பாடு. சைவக்காரச் சிநேகிதன் இவருடைய பார்சலை எட்டிப் பார்த்திருக்கிறான்.

"என்ன மச்சான், நாங்கள்தான் வெள்ளிக்கிழமை மரக்கறி. உனக்கு என்ன நடந்தது?"

"தவக்காலம்டா. இயேசு செத்தது வெள்ளிக்கிழமை. அதை நினைச்சு நான் மச்சம் விடுறனான்."

"செத்தவரை நினைச்சு விரதமோ?"

"செத்தவர் எழும்பினவர் எண்டுதான் நாங்கள் நம்புறம். அதுதான் முழுக் கதையும்."

"நீ உண்மையா நம்புறியா?"

"அப்பா ஆஸ்பத்திரியில கிடந்த நேரம் நம்பேல்ல. இப்ப நம்புறன்."

"ம்… அந்தப் பருப்பைக் கொஞ்சம் போடு."

'பருப்பைக் கேட்டான், நானும் போட்டிட்டு விட்டிட்டன், சந்தர்ப்பம் போச்சு' என்பதுதான் தம்பியின் வருத்தம். எனக்கோ இதைவிட நல்ல சாட்சி தெரியவில்லை. கேட்டது சிநேகிதன். பதில் இவருடைய சொந்த வாழ்க்கை. நம்பாமல் இருந்த நாளையும் மறைக்கவில்லை. பேச்சு போதும் என்று சிநேகிதன் நினைத்த இடத்தில் இவரும் நிறுத்திவிட்டார். விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதியிருக்கிறார். கேட்காதவரைத் துரத்திப் பிடித்துச் சொல்லச் சொல்லி அந்த வசனத்தில் இல்லை.

ஜெபம் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். "உங்களுக்காக ஜெபிக்கட்டா?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் நின்று கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? ஜெபிக்க விருப்பமென்றால் உங்கள் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு ஜெபியுங்கள். அறிவித்துவிட்டுத்தான் ஜெபிக்கவேண்டும் என்றில்லை. அவராகவே 'எனக்காகவும் ஜெபி' என்று கேட்டால் அது வேறு கதை, உடனே செய்யுங்கள்.

திருநீறு, பிரசாதம் வாங்குவதா விடுவதா என்பதில் ஆளுக்கொரு மனச்சாட்சி. வாங்காதவர்கள் முகத்தைச் சுளிக்காமல், பேயைக் கண்டதுபோல் கையை இழுக்காமல், சிரித்தபடி 'நான் எடுக்கிறதில்லை அக்கா' என்றால் எந்த அக்காவும் கோபிக்கமாட்டார். முஸ்லிம் சிநேகிதரோடு தர்க்கத்தில் இறங்கவேண்டாம். இயேசுவை ஈசா நபி என்றும் மரியாளை மர்யம் என்றும் அவர்களும் மதிக்கிறார்கள். நோன்புக் கஞ்சியைக் குடித்துக்கொண்டு அதைப் பற்றி அவரிடம் நீங்கள் கேளுங்கள்.

சில நேரம் சிநேகிதரே 'நானும் ஒருநாள் கோயிலுக்கு வரட்டா?' என்று கேட்பார். கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் முன்னுக்கு அழைத்து எல்லாருக்கும் முன்னால் கைதூக்க வைக்காதபடி போதகரிடம் முதலே சொல்லிவையுங்கள். துக்கமோ நோயோ நடந்து சில வாரம்தான் ஆகிறதென்றால், ஞானஸ்நானப் பேச்சை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டாருக்குத் தெரியாமல் வருகிறாரா என்று விசாரியுங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் தாய் தகப்பனிடம் நேரில் கேட்காமல் கூட்டிப் போகவே வேண்டாம், பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும்.