சிக்னலில் எங்கே நிற்க வேண்டும்?

சிவப்பு விழுந்ததும் பிரேக் போட்டால் கடமை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். வண்டி எங்கே நிற்கிறது என்பதையும் சட்டம் பார்க்கிறது.

2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, சிவப்பு எரியும்போது ஸ்டாப் லைனுக்கு இந்தப் பக்கமே நிற்க வேண்டும். லைன் இல்லையென்றால் ஜீப்ரா கிராசிங்குக்கு இந்தப் பக்கம். அதுவும் இல்லை, அல்லது தேய்ந்து அழிந்துவிட்டது (நம் ஊரில் இதுதான் சகஜம்) என்றால் சிக்னல் கம்பத்துக்கு இந்தப் பக்கம். முன்சக்கரம் மட்டும்தானே தாண்டியிருக்கிறது என்ற வாதம் எடுபடாது.

முந்திப் போய் நிற்பதில் லாபமும் இல்லை. கோட்டருகே உள்ள விளக்கு தலைக்குப் பின்னால் போய்விடும். எதிரே இன்னொரு விளக்கு இல்லாத சந்திப்பில் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியதுதான். பச்சை விழுந்ததைப் பின்னாலிருப்பவரின் ஹாரன்தான் சொல்லும். இதற்கிடையே, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கும் அம்மா, ஜீப்ரா மேல் நிற்கும் டூவீலர்களைச் சுற்றிக்கொண்டு சந்திப்பின் நடுப்பக்கம் இறங்கி நடப்பார்.

மஞ்சள் விளக்கைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரை முறுக்குவது அடுத்த பழக்கம். மஞ்சளுக்கும் நிற்கத்தான் வேண்டும். கோட்டை மிக நெருங்கிவிட்டீர்கள், இனி பிரேக் போட்டால் ஆபத்து என்றால் மட்டும் கடந்து போகலாம். 40 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடிவிடும். அதனால் சந்திப்பை நெருங்கும்போதே வேகத்தைக் குறைத்துக்கொள்வதுதான் வழி. இரவில் மஞ்சள் விட்டுவிட்டு எரிந்தால் மெதுவாகப் பார்த்துப் போகலாம். சிவப்பு விட்டுவிட்டு எரிந்தால் அப்படியல்ல: முழுதாக நின்று, பார்த்து, அப்புறம்தான் நகர வேண்டும்.

இடதுபக்கம் திரும்புவது எப்போதும் ‘ஃப்ரீ’ என்பது நாமாக வைத்துக்கொண்டது. அதற்கான பலகையோ பச்சை அம்போ இருந்தால்தான் சிவப்பில் திரும்பலாம். டிராஃபிக் போலீஸ் நின்று கைகாட்டினால் விளக்கைப் பார்க்க வேண்டாம். அவர் கைதான் சிக்னல்.

அபராதத்துக்கு வருவோம். கோட்டைத் தாண்டி நிற்பதற்குப் பொதுவாக மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவு வரும்: முதல் முறை 500 ரூபாய் வரை, மறுபடி மாட்டினால் 1,500 வரை. சிவப்பில் பாய்ந்து போவது வேறு கணக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அது 184-ஆம் பிரிவில் ஆபத்தான ஓட்டுதலாகவே எண்ணப்படுகிறது. முதல் முறைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று ஆண்டுக்குள் மறுபடி செய்தால் 10,000 ரூபாயும் இரண்டு ஆண்டு வரை சிறையும்கூட வரலாம். இது போக, சிக்னலை மீறுவோரின் லைசென்ஸை மூன்று மாதமாவது முடக்கும்படி உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015-இலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது.

கேமரா எடுத்த படத்துக்கான சலான் ஆர்.சி.க்காகப் பதிவுசெய்த மொபைல் எண்ணுக்கு வரும். எண் மாறியிருந்தால் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் புதுப்பித்துவிடுங்கள். வண்டியை விற்றவர்கள் ஆர்.சி.யில் பெயர் மாற்றம் முடிந்துவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் வாங்கியவர் தாண்டும் கோட்டுக்கெல்லாம் சலான் உங்கள் பேரில்தான் வந்துகொண்டிருக்கும்.