ஓடுகிற கணினியின் பயாஸை எப்போது தொடலாம்?

செப்டம்பர் கடைசி வாரம். வரித் தணிக்கை வேலை தலைக்கு மேல் கிடக்கிற ஓர் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து காலையில் போன். "சார், கம்ப்யூட்டர் நீலக் கலர்ல நின்னுக்கிட்டு 48 நம்பர் கேக்குது. கிளையன்ட் ஃபைல் எல்லாம் அதுலதான் இருக்கு."

போய்ப் பார்த்தேன். முந்தைய நாள் மாலை திரையோரத்தில் பயாஸுக்கு, அதாவது கணினியை எழுப்பும் அடிப்படை நிரலுக்கு, அப்டேட் வந்திருப்பதாக ஓர் அறிவிப்பு. அங்கே வேலை பார்க்கும் பெண், அப்டேட் நல்லதுதானே என்று ஓகே கொடுத்திருக்கிறார். பயாஸ் மாறியதும், வட்டைப் பூட்டி வைத்திருந்த விண்டோஸின் பிட்லாக்கருக்கு இது அதே கணினிதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிட்டது. சாவி எங்கே? அந்தக் கணினியை முதலில் அமைத்துக் கொடுத்தவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில். அவர் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகிறது. தேடிப் பிடித்து, அவர் உள்ளே நுழைந்து எண்களைப் படித்துச் சொல்லி, கணினி திறந்தபோது மதியம் மூன்று மணி. அவர் கிடைக்காமல் போயிருந்தால் அந்த வட்டில் இருந்ததை என்னாலும் மீட்டிருக்க முடியாது.

அந்த அப்டேட்டில் அப்படி என்னதான் இருந்தது என்று பிறகு படித்துப் பார்த்தேன். புதிதாக வந்த ப்ராசசர்களுக்கு ஆதரவு, அவ்வளவுதான். ப்ராசசரை மாற்றும் எண்ணமே இல்லாத ஓர் அலுவலகத்துக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. அந்தப் பெண்மேல் தப்பு சொல்ல மாட்டேன். விண்டோஸ் அப்டேட்டையும் பயாஸ் அப்டேட்டையும் ஒரே மாதிரி பெட்டியில் காட்டினால் யாருக்குத்தான் வித்தியாசம் தெரியும்?

ஆனால் இரண்டும் ஒன்றல்ல. பயாஸ், மதர்போர்டில் பெரும்பாலும் எட்டுக் கால்களோடு உட்கார்ந்திருக்கும் சின்ன சிப்பில் இருக்கிறது. இன்றைய டெஸ்க்டாப்களில் அதன் கொள்ளளவு பெரும்பாலும் 16 அல்லது 32 எம்பி. பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடுவது அதுதான். விண்டோஸ் கெட்டுப்போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பயாஸ் எழுதும்போது பாதியில் நின்றால், பல போர்டுகளில் திரையே வராது.

அதனாலேயே பல வருடங்களாக நானும் "ஓடுகிற மெஷினை நோண்டாதீர்கள்" என்றுதான் சொல்லி வந்தேன். அந்த அறிவுரையை இப்போது அப்படியே சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

காரணம், இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்களுக்கு நடந்தது. அவற்றில் பலவும் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோவதாகப் புகார்கள் குவிந்தன. ப்ராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்குகிறது, அந்த வோல்டேஜிலும் சூட்டிலும் உள்ளே இருக்கும் கிளாக் சர்க்யூட் மெல்ல மெல்லத் தேய்கிறது என்று 2024-இல் இன்டெல் விளக்கியது. திருத்தம் அந்த ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் புதிய மைக்ரோகோடாக, அதாவது ப்ராசசருக்குள் ஓடும் சிறு நிரலாக வந்தது, அது பயாஸ் அப்டேட் வழியாகத்தான் கணினிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. இதில் எல்லோரும் கவனிக்க வேண்டிய விஷயம்: அந்த அப்டேட் இனிமேல் தேய்வதைத்தான் தடுக்கும், ஏற்கெனவே தேய்ந்ததைச் சரிசெய்யாது. "நன்றாகத்தானே ஓடுகிறது" என்று விட்டு வைத்த ஒவ்வொரு மாதமும் ப்ராசசரின் ஆயுளில்தான் கழிந்தது. இந்தத் தலைமுறை டெஸ்க்டாப் வைத்திருந்து, 2024 செப்டம்பருக்கு முந்தைய பயாஸில் ஓடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இந்த வாரமே பாருங்கள். ஏற்கெனவே தகராறு செய்கிறது என்றால் உத்தரவாதத்தையும் பாருங்கள், இன்டெல் அதை இரண்டு ஆண்டு நீட்டித்திருக்கிறது.

ஏஎம்டி பக்கமும் 2023-இல் இப்படி நடந்தது. ரைசன் 7000 வரிசையில் எக்ஸ்3டி ப்ராசசர்கள் சில சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. ப்ராசசரின் ஒரு பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜை 1.3 வோல்ட்டுக்கு மேல் ஏறவிடாத பயாஸ் அதன் பிறகுதான் வந்தது.

அப்போ எப்படி முடிவெடுப்பது? யாராவது என்னிடம் அப்டேட் கேட்டு வந்தால், முதலில் அந்த போர்டைத் தயாரித்தவர்களின் இணையதளத்துக்குப் போய், இப்போது இருக்கிற பதிப்புக்குப் பிறகு வந்த ஒவ்வொன்றுக்கும் எழுதியிருக்கிற குறிப்பைப் படிப்பேன். அதில் இவருடைய ப்ராசசரோ, இவருடைய பிரச்சினையோ, ஒரு பாதுகாப்பு ஓட்டையோ இருக்கிறதா? இருந்தால் செய்வேன். இல்லையென்றால் அனுப்பி வைப்பேன். இப்போதைய பதிப்பைத் தெரிந்துகொள்ள விண்டோஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடினால் போதும். போர்டின் மாடலோடு ரிவிஷன் எண்ணையும் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் ரிவிஷன் மாறினால் பயாஸ் ஃபைல் வேறாக இருக்கலாம்.

பாதுகாப்பு ஓட்டைகளைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கணினி துவங்கும்போது நிறுவனத்தின் சின்னம் திரையில் வருமே, அந்தப் படத்தைப் படிக்கும் நிரலிலேயே ஓட்டை இருப்பது 2023 டிசம்பரில் வெளியானது. லோகோஃபெயில் என்று பெயர். விண்டோஸ் எழுவதற்கு முன்பே உள்ளே நுழைகிற வழி அது, ஆன்டிவைரஸ் பார்வைக்கு எட்டாது. நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்கவிடும் செக்யூர் பூட்டின் சான்றிதழ்களும் அப்படித்தான். 2011-இல் கொடுத்தவை 2026 ஜூனில் தொடங்கிக் காலாவதியாகின்றன. புதியவை பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட்டிலேயே வந்துவிடும், ஆனால் சில கணினிகளுக்கு முதலில் தயாரிப்பாளரின் ஃபர்ம்வேர், அதாவது பயாஸ் அப்டேட் தேவைப்படும்.

ப்ராசசர் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று: பழையதைக் கழற்றும் முன் அப்டேட் செய்யுங்கள். பழைய பி450 வகை போர்டில் அதற்குப் பிறகு வந்த ரைசன் 5600 ப்ராசசரை வாங்கிப் போட்டுவிட்டு, டிஸ்ப்ளே வரவில்லை, ப்ராசசர் செத்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. ப்ராசசர் நன்றாகத்தான் இருக்கும், பயாஸுக்கு அதை அடையாளம் தெரியாது, அவ்வளவுதான். அதற்குள் பழைய ப்ராசசரை விற்றிருப்பார்கள். இன்னொரு சிக்கலும் இருக்கிறது: 16 எம்பி சிப்பில் இடம் போதாமல், சில புதிய பதிப்புகள் பழைய ப்ராசசர்களுக்கான ஆதரவை எடுத்துவிட்டன. குறிப்பைப் படிக்காமல் கடைசிப் பதிப்புக்குத் தாவக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

நேற்று வந்த பதிப்பை இன்றே போட மாட்டேன். 2018 ஜனவரியில், ப்ராசசர்களில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டைக்கு அவசரமாக மைக்ரோகோட் வந்தது. இன்டெலின் ஹாஸ்வெல், பிராட்வெல் ப்ராசசர் உள்ள கணினிகள் தானாக ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்ததும், அதைப் போடுவதை நிறுத்துங்கள் என்று இன்டெலே கேட்டுக்கொண்டது. அவசரம் இல்லாத அப்டேட் என்றால் இரண்டு மூன்று வாரம் பொறுத்துப் பார்ப்பேன். பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு என்று போட்டிருந்தால் வேறு வழியில்லாதபோது மட்டும்.

அடிக்கடி ஹேங் ஆகிற கணினியில் ரேமைச் சோதிக்காமல் அப்டேட் செய்யாதீர்கள். எழுதும் நடுவிலேயே அது ஹேங் ஆனால் என்ன செய்வீர்கள்?

அப்புறம் கரண்ட். மாதாந்திர பராமரிப்பு மின்தடை நாளை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ் இருந்தால் மட்டும் போதாது, அது நிஜமாகத் தாங்குகிறதா என்று பாருங்கள். ஒரு டைப்பிங் சென்டரில் யுபிஎஸ் இருக்கிற தைரியத்தில் ஆரம்பித்தார்கள். கரண்ட் போன அதே நொடி எல்லாம் அணைந்தது, பேட்டரி என்றைக்கோ செத்திருந்தது. சிப்பில் கிளிப் மாட்டி, புரோகிராமர் கருவி வைத்து மறுபடி எழுதிக் கொடுத்தேன். நல்லவேளையாக மீண்டது.

செய்வதற்கு முன் பயாஸ் அமைப்புத் திரைகள் எல்லாவற்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்டேட் ஆனதும் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போய்விடலாம். வட்டைப் படிக்கும் விதத்தையும் துவங்கும் விதத்தையும் தீர்மானிக்கிற ரெய்டு, ஏஹெச்சிஐ, சிஎஸ்எம் அமைப்புகளில் ஒன்று மாறினாலே விண்டோஸ் வராமல் போகலாம். வட்டு போய்விட்டது என்று பயந்து ஃபார்மட் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள், மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

அந்த ஆடிட்டர் அலுவலகத்தில் ஏழு கணினிகள். தாக்கல் வேலை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஏழுக்கும் குறிப்புகளைப் படித்தேன். ஒன்று 13-ஆம் தலைமுறை டெஸ்க்டாப், அதற்கு அன்றே அப்டேட் போட்டேன். மற்ற ஆறையும் தொடவில்லை. ஏழு சாவிகளையும் பிரின்ட் எடுத்து அவர்கள் பீரோவில் வைத்தாகிவிட்டது.