உல்டா அடிக்காமல் ஒரு படத்திலிருந்து எடுப்பது எப்படி?

கதை டிஸ்கஷனில் அதிகம் புழங்கும் சொல் ‘மாதிரி’. “அந்தக் கொரியப் படத்துல வர்ற இன்டர்வெல் மாதிரி.” “அந்த சீரிஸ்ல ஒரு இன்ஸ்பெக்டர் வருவாரே, அவரு மாதிரி.” சொல்பவருக்குப் பிடித்தது அந்தக் காட்சியா, அது வந்து விழுந்த இடமா, அதற்கு முன் இருபது நிமிடம் மறைத்து வைத்திருந்த ஒரு தகவலா? யாரும் கிளறிப் பார்ப்பதில்லை. கிளறாமல் முழுசாகத் தூக்கிவந்தால் அது உல்டா. ஒரே ஒரு பாகத்தைக் கழற்றி எடுத்தால் அது தொழில். குறும்படம் எடுப்பவர்கள், வெப் சீரிஸ் எழுதுபவர்கள், சிறுகதைக்காரர்கள் எல்லோருக்கும் இந்தக் கழற்றும் வேலை பழக வேண்டியது.

நன்றாகக் கழற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பெரிய வம்சாவளியே இருக்கிறது. ஜப்பானின் பழங்கதைத் தொகுப்பான ‘கொன்ஜாகு’வில் ஒரு சின்னக் கதை: காட்டு வழியில் ஒரு கொள்ளைக்காரன் கணவனை மரத்தில் கட்டிப்போட்டு, மனைவியைச் சீரழித்துவிட்டுப் போகிறான். அதில் கொலையும் இல்லை, சாட்சியும் இல்லை. ஜப்பானிய எழுத்தாளர் அகுதாகவா 1922இல் அதை எடுத்துக் கணவனைச் சாகடித்து, நடந்ததை ஏழு வாக்குமூலங்களாக உடைத்தார். அவற்றில் ஒன்று, ஆவி பேசும் பெண் வழியாகச் செத்தவனே சொல்வது. 1950இல் இயக்குநர் குரோசவா அந்தக் கதையை, அகுதாகவாவின் இன்னொரு கதையான ‘ரஷோமோன்’ வாசலுக்குக் கொண்டுபோய் வைத்து, அதே பெயரில் படமாக எடுத்தார். விறகுவெட்டிக்கு இரண்டாவது முறை பேச வாய்ப்புக் கொடுத்தார்.

1954இல் தமிழில் ‘அந்த நாள்’. ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943ஆம் ஆண்டுச் சமயம், ஒரு ரேடியோ இன்ஜினீயர் சுடப்பட்டுக் கிடக்கிறார். விசாரணையில் ஆளாளுக்கு ஒரு கதை. இயக்குநர் எஸ். பாலசந்தர் செய்த வேலையைக் கிட்டே போய்ப் பாருங்கள். ‘ரஷோமோன்’ படத்தில் கொள்ளைக்காரன் “நான்தான் கொன்றேன்” என்கிறான். மனைவியின் பேச்சு பழியைத் தன் மேலேயே இழுத்துக்கொள்கிறது. செத்தவன், தானே குத்திக்கொண்டதாகச் சொல்கிறான். பழி மூவரிடமும் உள்நோக்கியே போகிறது; உண்மை எது என்று படம் தீர்ப்புச் சொல்வதில்லை. ‘அந்த நாள்’ படத்திலோ பழி வெளியே போகிறது. ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுகிறார்கள், கடைசியில் விடையும் கிடைக்கிறது. (எழுபது வருடம் ஆகிவிட்டது, இருந்தாலும் கொலையாளியை இங்கே சொல்வது அநியாயம்.) ஒரு திசை மாறியதும் தத்துவப் படம் துப்பறியும் படமாகிவிட்டது. பாட்டே இல்லாமல் அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் படம் பார்ப்பவரைக் கட்டிப்போட முடிந்தது என்றால், ஒவ்வொரு வாக்குமூலமும் அடுத்தவர் மேல் சந்தேகத்தைத் தள்ளிவிடும் அந்த இழுவிசைக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

2004இல் ‘விருமாண்டி’. இரண்டே வாக்குமூலம். கேட்பவர் போலீஸ் அல்ல. மரண தண்டனை பற்றி ஆவணப்படம் எடுக்கச் சிறைக்குள் வரும் பெண். கேட்பவர் மாறினால் கதைக்கான காரணமே மாறிவிடும். உத்தி ஒன்றுதான். எடுத்தவர்கள் ஒவ்வொருவரும் திசையை, கேட்பவரை, கேள்வியை மாற்றியிருக்கிறார்கள்.

இதை நாம் செய்வதற்குப் படத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை நோட்டு, பேனா, போன் எதுவும் கையில் வேண்டாம். நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்தால் படத்தின் ஓட்டம் செத்துவிடும்; எது நம்மைத் தாக்கியது என்பதே தெரியாது. மறுநாள் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, நினைவில் நிற்பதை மட்டும் எழுதுங்கள். ஐந்தாறு விஷயம் தேறினால் அதிகம். மறந்தவற்றைத் தேடிப் போக வேண்டாம், அவை உங்களுக்கானவை அல்ல. தேறியதில் ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டாவது முறை பாருங்கள்.

இந்த முறை சீன் ஆர்டர், அதாவது காட்சிகளின் வரிசைப் பட்டியல், போட வேண்டும். படம் முழுக்கப் போட வேண்டியதில்லை. உங்களைப் பிடித்த காட்சிக்கு முன்னே பத்து சீன், பின்னே ஐந்து போதும். நாலு கட்டம் போடுங்கள்: எத்தனையாவது நிமிடம், யாருக்கு என்ன வேண்டும், சீன் முடியும்போது என்ன மாறியது, பாத்திரத்துக்குத் தெரியாமல் நமக்கு மட்டும் தெரிந்தது என்ன. புதிதாக எழுத வருபவர்கள் பெரும்பாலும் நாலாவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். ‘மாஸ் சீன்’ என்று நாம் கொண்டாடுவதில் பாதி அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. ஹீரோ திரும்பிப் பார்ப்பதை மட்டும் எடுத்துவந்து, அதற்கு முன் பத்து சீனாகச் சேர்த்து வைத்த தகவலை விட்டுவிட்டால், நம் படத்தில் ஹீரோ சும்மா திரும்பிப் பார்ப்பார். அவ்வளவுதான்.

பிறகு அந்த விஷயத்தை இருபத்தைந்து வார்த்தைக்குள் எழுதுங்கள். பெயர், ஊர், தொழில், கொலைக்கருவி எதுவும் வரக்கூடாது. படித்துக் காட்டும்போது எதிரே இருப்பவர் படத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் இன்னும் உரிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். ‘ரஷோமோன்’ படத்தை இப்படி உரித்தால், “ஒரு தவறைச் செய்தது தான்தான் என்று ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் போட்டி போட்டு ஒப்புக்கொள்கிறார்கள்” என்று நிற்கும். இப்போது காட்டை மறந்துவிட்டு ஒரு கல்யாண மண்டபத்துக்கு வாருங்கள். மொய்ப் பணத்தில் பத்தாயிரம் குறைகிறது. மொய் எழுதியவர், பையை வைத்திருந்த மச்சான், பெண்ணின் சித்தி மூவரும் தனித்தனியாக வந்து “நான்தான் எடுத்தேன்” என்கிறார்கள். ஏன்? யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள்? அந்த ‘ஏன்’ எந்தப் படத்திலும் கிடைக்காது. உங்கள் சொந்தக்காரர்களைத்தான் யோசித்துப் பார்க்க வேண்டும்.

கொரியாவைக் கொடைக்கானலாக மாற்றிவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் வழக்கமான சறுக்கல். யார் கேட்கிறார்கள், யார் இழக்கிறார்கள், என்ன விலை கொடுக்கிறார்கள் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு மாறியாக வேண்டும். 1964இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனே, குரோசவாவின் ‘யோஜிம்போ’ படத்தை மெக்சிகோ எல்லையில் நடக்கும் கவ்பாய் கதையாக மாற்றி ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ எடுத்தார். வாள் துப்பாக்கியானது, இரண்டு கும்பலுக்கு நடுவே வந்து நிற்கும் அந்நியன் அப்படியே இருந்தான். ‘யோஜிம்போ’ படத்தின் டோஹோ நிறுவனம் சண்டைக்கு வந்தது. உலக வசூலில் 15 சதவீதம் தருவதாகச் சமரசம் பேசி முடிக்க வேண்டியிருந்தது. படம் பிரமாதம்தான், அது வேறு கணக்கு.

வெப் சீரிஸ் விஷயத்தில் எதிரி, அடுத்த எபிசோடைத் தானாகவே ஓட்டிவிடும் ஆட்டோபிளே. ஒரே ராத்திரியில் எட்டு எபிசோடு பார்த்தால், எந்த முடிச்சு எந்த எபிசோடில் விழுந்தது என்பது கலங்கிவிடும். கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன் நிறுத்துங்கள். முடிவை நீங்களே அரைப் பக்கம் எழுதிவிட்டு மீதியைப் பாருங்கள். உங்கள் முடிவும் அவர்கள் முடிவும் ஒன்றாக இருந்தால் இருவரும் தேய்ந்த பாதையில் போயிருக்கிறீர்கள். வேறாக இருந்தால் அந்த அரைப் பக்கத்தைப் பத்திரப்படுத்துங்கள், அது உங்கள் சரக்கு.

படம் எழுதுகிறவர் புத்தகத்திலிருந்தும், கதை எழுதுகிறவர் படத்திலிருந்தும் எடுப்பது நல்லது. நாவலில் “அவளுக்கு அவன் மேல் நம்பிக்கை போய்விட்டது” என்று ஒரு வரியில் முடிந்துவிடும். திரையில் அதைக் காட்ட ஒரு செயலைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும். கண்டுபிடிக்கும்போதே அது உங்களுடையதாகிவிடும்.

வசனம் தனிக் கதை. வேற்றுமொழிப் படத்தை சப்டைட்டிலோடு பார்த்து வளர்ந்த தலைமுறையின் வசனத்தில் ஒரு வாடை வீசுகிறது. சப்டைட்டில் என்பது வேகமாகப் படிக்க வேண்டும் என்பதற்காக வெட்டிச் சுருக்கிய பேச்சு. இரண்டு வரிக்கு மேல் இடம் கிடையாது, ஒரு வரிக்குச் சுமார் நாற்பது எழுத்து. பாத்திரத்தின் இழுப்பு, திட்டு, உறவு விளி எல்லாம் முதலில் வெட்டுப்படும். அந்த எலும்பைத் தமிழாக்கினால், “நீ எதைப் பற்றிப் பேசுகிறாய் என்று எனக்குத் தெரியவில்லை” என்று வரும். மதுரைக்காரர் அந்த இடத்தில் “என்னடா உளர்ற?” என்பார். திருநெல்வேலியில் “ஏலே, என்னலே பேசுத?” சப்டைட்டிலை அணைத்துவிட்டு, புரியாத மொழியில் ஒரு காட்சியை மட்டும் பார்த்து, உடம்பு பேசுவதை வைத்து வசனம் எழுதிப் பழகுங்கள்.

எடிட்டிங்கில் இன்னொரு பொறி: வேறு படத்தின் பின்னணி இசையைத் தற்காலிகமாகப் போட்டு வெட்டுவது. மூன்று வாரம் அதையே கேட்டபின் இசையமைப்பாளர் எதைக் கொடுத்தாலும் காது ஏற்காது. கடைசியில் “அதே மாதிரி போடுங்க சார்” என்று வந்து நிற்கும். முதல் வெட்டை மௌனமாகவே முடித்துவிடுவது நல்லது.

சட்டம் எங்கே நிற்கிறது? ஆர்.ஜி. ஆனந்த் எழுதிய நாடகத்துக்கும், 1956இல் வந்த ‘நியூ டெல்லி’ இந்திப் படத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் சொன்னது இன்றும் அடிப்படை: கருவுக்கும் கதைப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொல்லியிருக்கும் வடிவத்துக்குத்தான் உண்டு. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு இது அதன் நகல்தான் என்ற ஐயமற்ற எண்ணம் வருகிறதா என்பதே உரைகல். இரண்டிலும் பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும் உண்டு, காதல் உண்டு. ஆனால் படத்தில் சாதி, வரதட்சணை என்று நாடகத்தில் இல்லாத விஷயங்கள் இருந்ததால் நகல் இல்லை என்று தீர்ப்பானது. பழைய எழுத்தாளர்களிடமிருந்து நேரடியாக எடுக்கலாமா என்றால், இந்தியாவில் எழுதியவர் இறந்து அறுபது ஆண்டு கழிந்தால் உரிமை தீரும். அகுதாகவா இறந்தது 1927. ஆனால் நீங்கள் படித்த தமிழ் மொழிபெயர்ப்பு போன வருடம் வந்திருந்தால், அந்த வாக்கியங்கள் மொழிபெயர்த்தவருடையவை.

நோட்டில் இரண்டு மை வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததும் படித்ததும் பச்சையில், படத்தின் பெயரோடும் தேதியோடும். உங்களுக்குத் தோன்றியது நீலத்தில். இரண்டு வருடம் கழித்துப் புரட்டினால் பிறர் வரியும் நம் வரி போலவே தெரியும். ஜார்ஜ் ஹாரிசன் பாட்டு ஒன்றின் மீதான வழக்கில், அறியாமல் செய்ததும் நகல்தான் என்று 1976இல் அமெரிக்க நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிராஃப்ட் எழுத உட்காரும்போது நீலப் பக்கங்களை மட்டும் மேசைமேல் வைத்துக்கொண்டு, பச்சையை அலமாரியில் பூட்டிவிடுங்கள்.