சாமி மலையேறாத மேடை

முக்கூடல் பக்கத்தில் ஒரு ஊர். பீடி சுற்றும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து ஒரு நாடகக் குழு இரண்டு வாரம் பயிற்சி நடத்தியது. எழுதி வைத்த வசனம் எதுவும் கிடையாது. அவரவர் வாழ்க்கையில் நடந்ததே காட்சி. கடைசி நாள் ஊர் முன்னால் நிகழ்ச்சி. முப்பது வயதுப் பெண் ஒருவர், குடித்துவிட்டு வந்த புருஷன் தன்னை அடித்த ராத்திரியைத் தானே நடித்தார். மடியில் முறம், முறத்தில் இலை, கத்தரி, நூல். முறம் உதைபட்டு இலை சிதறுகிறது. அவர் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு இலையாகப் பொறுக்கினார். கூட்டத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. முடிந்ததும் கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. குழு அன்று ராத்திரியே வேன் ஏறிவிட்டது.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் என்னிடம் வந்தார். "எக்கா, கை ஓடமாட்டேங்கு. இலையைத் தொட்டாலே நெஞ்சு படபடங்குது."

ஆறு வருஷமாக அந்த ராத்திரியை மனசுக்குள் வைத்துக்கொண்டே தினமும் பீடி சுற்றியவர் அவர். முறத்தை மடியில் வைத்து உட்காரும் அந்த நேரம்தான் அவருக்கு நிம்மதி, அதுதான் சோறும். நாடகம் அடியையும் முறத்தையும் ஒரே முடிச்சில் கட்டிவிட்டது.

நான் மனநல சமூகப் பணியாளர். திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் நாடகக் குழுக்களோடு சேர்ந்தும் வேலை செய்கிறேன். இந்த மாதிரி நாடகமே வேண்டாம் என்பவள் இல்லை. வாய் திறந்து சொல்ல முடியாததை உடம்பு சொல்லிவிடும். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிரேசில் நாட்டு அகஸ்தோ போவால் 1970களில் உருவாக்கிய ஒடுக்கப்பட்டோர் அரங்கில், பார்க்கிறவரே "நிறுத்து" என்று சொல்லி மேடையேறி, அடிபடுகிறவர் இடத்தில் நின்று வேறு வழியை நடித்துப் பார்க்கலாம். நம் கிராமங்களில் அது அருமையாக வேலை செய்கிறது. என் கவலை, காயத்தைத் திறக்கத் தெரிந்த அளவுக்கு மூடத் தெரியாமல் போவது பற்றித்தான்.

மூடுவது எப்படி என்று நம் ஊர்க் கோயில் கொடை விழாவே காட்டுகிறது. சுடலைமாடன் கோயிலில் கணியான் கூத்து நடக்கும்போது மகுடம் என்கிற மேளம் வேகமெடுக்கும், சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வரும். அவர் பின்னாலேயே ஒருவர் நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? விழுந்தால் தாங்குவதற்கு. ஆடி முடிந்ததும் திருநீறு பூசி, தண்ணீர் கொடுத்து, மேள அடியைத் தளரவிட்டு, சாமியை மலையேற்றுவார்கள். மலையேறிய பிறகு அவர் பழையபடி பக்கத்து வீட்டு அண்ணாச்சி. கண்ணில் வெறியோடு யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். அந்த ஊரில் நாடகம் போட்டவர்கள் அருளை வரவழைத்தார்கள். மலையேற்ற ஆள் இல்லை.

வில்லுப்பாட்டில் இன்னொரு பாடம் இருக்கிறது. இந்தப் பக்கத்துத் தெய்வங்களில் பலர் அநியாயமாகச் செத்தவர்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலில் இருக்கும் முத்துப்பட்டன் சாதி தாண்டிப் பெண்ணெடுத்தவர், மாடு திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தவர். அந்தக் கதையைக் கேட்டு அழுகிற பெண் தன் வீட்டுத் துக்கத்துக்கும் சேர்த்துத்தான் அழுகிறாள். ஆனால் கதை வேறொருவருடையது. அந்த இடைவெளிதான் அவளைக் காப்பாற்றுகிறது. நாங்குநேரியில் பிறந்த சே. ராமானுஜம் தன் 'வெறியாட்டம்' நாடகத்தில் போரில் எல்லாம் இழந்த பெண்களின் துயரத்தைச் சொல்ல, பழைய கிரேக்க நாடகம் ஒன்றை எடுத்து, நம் ஒப்பாரியில் பாட வைத்தார். அத்தனை தூரத்துக் கதை இங்கே அத்தனை பக்கத்தில் வந்து நின்றது.

அதனால் நான் குழுக்களிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: சொந்தக் கதையைச் சொந்தக்காரரையே நடிக்க வைக்காதீர்கள். பெயரை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், முறத்தை மாற்றுங்கள். அவருக்குத் தோழி வேஷம் கொடுங்கள். இன்னும் ஆறாத காயம் என்றால் மேடைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். பெரிய அதிர்ச்சி பல சமயம் பழைய ஞாபகம்போல மனசில் படிவதில்லை. இப்போதே நடப்பதுபோலத் திரும்ப வருகிறது. "இது நடிப்புதானே" என்பது புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியாது.

பயிற்சியின்போதே அடையாளம் தெரிந்துவிடும். கை சில்லிட்டுப் போகும். கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கேட்காது. சில இயக்குநர்கள் இதைப் பார்த்து, "ஆகா, பாத்திரத்துக்குள்ளே போயிட்டாங்க" என்று சந்தோஷப்படுவார்கள். இல்லை, அங்கே நிறுத்த வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கால் இரண்டும் தரையில் படும்படி உட்கார வைத்து, எதிரே என்னென்ன தெரிகிறது என்று மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். கேட்காமல் கட்டிப்பிடிக்க வேண்டாம். என்ன நடந்தது என்று துருவவும் வேண்டாம்.

அப்புறம் சம்மதம். முதல் நாள் தலையாட்டியது கடைசி நாள்வரை செல்லாது. நோட்டீஸ் அடித்த பிறகும் "நான் வரல" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. கூட்டத்தில் செல்போனில் படம் எடுப்பதைத் தடுத்தே ஆக வேண்டும். நாடகம் ஒரு மணி நேரம். வாட்ஸப்பில் போன காட்சி எப்போது மாமியார் கைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் இன்னும் கவனம் வேண்டும். நாங்குநேரியில் 2023இல் மாணவன் ஒருவனைச் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொல்லி 2024இல் அறிக்கை வந்தது. அதற்குப் பிறகு பள்ளிகளில் சாதி பற்றி நாடகம் போடக் கேட்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கிற வகுப்பில், "உனக்கு நடந்ததைச் சொல்" என்று கேட்டுவிடாதீர்கள். சாயங்காலம் அவர்கள் ஒரே பஸ்ஸில்தான் போக வேண்டும். அதனால் எங்குமே இல்லாத ஊர் ஒன்றை நாங்கள் கற்பனையில் உண்டாக்கினோம். வாழை நாரில் கயிறு. ஒற்றை முடிச்சு உசத்தி, இரட்டை முடிச்சு தாழ்ச்சி. பாதி நாடகத்தில் கயிறுகளை மாற்றிக் கட்டச் சொன்னோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இரட்டை முடிச்சு வந்ததும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். யாரும் ஒளிக்கச் சொல்லவில்லை. முடிவில் ஒருவர் முடிச்சை இன்னொருவர் அவிழ்க்க வேண்டும், நாரை உரக்குழியில் போட வேண்டும். அதுதான் எங்கள் மலையேற்றம்.

பயிற்சியில் ஒரு குழந்தை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொல்லிவிட்டால், அது காட்சிக்கான சரக்கு இல்லை. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் போலீசில் தகவல் சொல்லியே ஆக வேண்டும். மறைத்தால் அதற்கும் தண்டனை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098க்கு உடனே போன் போடலாம். பெரியவர்களுக்கு, கெட்ட கனவும் திடுக்கிடலும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். குழு ஊரைவிட்டுப் போகுமுன், பின்னால் யாரிடம் போக வேண்டும் என்று ஆளைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்.

பீடி சுற்றும் அந்தப் பெண்ணுக்கு மறுபடி கை ஓட மூன்று மாதம் ஆனது. பீடி முறத்தை விட்டுவிட்டு, முதலில் வேறொரு சுளகில் அரிசி புடைப்பதில் தொடங்கி, வெறும் இலையைத் தொடுவது, வெட்டுவது என்று மெதுவாகப் போனோம். இந்த வருஷம் அவர் பெண்களோடு சேர்ந்து வேறொரு நாடகம் போட்டார். அதில் அவர் பக்கத்து வீட்டுக் கிழவி. சத்தம் கேட்டதும் கதவைத் தட்டி, "ஏலேய், யாரைப் போட்டு அடிக்க?" என்று அவர் கேட்டதற்குக் கூட்டம் சிரித்தது, அப்புறம் அடங்கியது. முடிந்ததும் எல்லோரும் குழாயடிக்குப் போய் முகம் கழுவி, ஒருவர் மற்றவரை அவரவர் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் சேலைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எக்கா, நேரமாச்சு. நாளைக்குக் கடைக்குப் பீடி கொடுக்கணும், இன்னும் இருநூறு கிடக்கு."