140 கிரெடிட்டில் ஒன்று குறைந்தாலும் பட்டம் இல்லை

தமிழ்நாட்டின் கலை, அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டு இளநிலைப் பட்டம் பெற 140 கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் தரப்படும் மதிப்பலகு) சேர்க்க வேண்டும் என்பதே மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டம் வகுத்துள்ள கணக்கு. ஆறு செமஸ்டருக்குப் பிரித்தால் செமஸ்டருக்குச் சராசரியாக 23 கிரெடிட் வரும். ஒரு தாளில் தேர்ச்சி பெற்றால் அதற்குரிய கிரெடிட் முழுவதும் கணக்கில் சேரும். தவறினால் ஒன்றுகூடச் சேராது.

இந்த 140 கிரெடிட் ஐந்து பகுதிகளில் பரவியிருக்கிறது. முதல் பகுதி தமிழ் அல்லது மாணவர் தேர்ந்தெடுத்த வேறு மொழி, இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவது முதன்மைப் பாடங்களும் அவற்றைச் சார்ந்த விருப்பப் பாடங்களும். மாணவர்களின் கவனமெல்லாம் இந்த மூன்றாம் பகுதியில்தான் இருக்கும். ஆனால் பட்டம் தள்ளிப்போவது பல நேரங்களில் நான்காம், ஐந்தாம் பகுதிகளால்தான். சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி, திறன் மேம்பாட்டுப் பாடங்கள் ஆகியவை நான்காம் பகுதியில் வருகின்றன, என்.எஸ்.எஸ்., என்.சி.சி. போன்ற விரிவாக்கப் பணி ஐந்தாம் பகுதி, அதற்கு ஒரே ஒரு கிரெடிட். எனக்குத் தெரிந்த மாணவி ஒருவர் எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி பெற்றிருந்தும், இரண்டாம் ஆண்டில் செய்த விரிவாக்கப் பணியின் பதிவு கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேராததால், வேலையில் சேர வேண்டிய நாளில் தற்காலிகச் சான்றிதழ் இல்லாமல் நின்றார். அந்த ஒரு கிரெடிட்டை யாரும் அவருக்கு நினைவூட்டியிருக்கவில்லை என்பது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

தேர்ச்சிக் கணக்கையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கல்லூரியே போடும் இன்டர்னலுக்கு 25, செமஸ்டர் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரியும் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், மொத்தத்தில் 40 எடுப்பதோடு, செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 30 எடுத்தாக வேண்டும். ஆகவே இன்டர்னலில் 24 வாங்கியவர் எழுத்துத் தேர்வில் 29 எடுத்தால், கூட்டுத்தொகை 53 ஆனாலும் அந்தத் தாள் அரியர்தான்.

அரியர் விழுந்தால் அடுத்த வாய்ப்பிலேயே எழுதி முடிப்பதே நல்லது. ஐந்தாம் செமஸ்டர் வரை சேர்த்துவைத்தால் நடப்புத் தாள்களும் பழைய தாள்களும் ஒரே மாதத்தில் வந்து நெருக்கும், பாடத்திட்டம் மாறிவிட்டால் பழைய தாளை எழுதும் வாய்ப்புகளும் குறையும். விடைத்தாள் நகல், மறுமதிப்பீடு ஆகியவற்றுக்கு முடிவு வந்தபின் கிடைக்கும் அவகாசம் குறைவு என்பதால் அறிவிப்பை அன்றே பார்த்துவிட வேண்டும். இறுதியாண்டில் ஒரே ஒரு தாள் மட்டும் நின்றுபோனவர்களுக்குச் சில பல்கலைக்கழகங்கள் உடனடித் துணைத்தேர்வு நடத்துகின்றன. அந்த வசதி உண்டா என்பதைத் தேர்வுப் பிரிவில் கேட்டு அறியலாம்.

நான்காம் செமஸ்டர் முடிவு வந்ததும், நான்கு மதிப்பெண் பட்டியல்களையும் மேசையில் பரப்பி, ஒரு வெள்ளைத்தாளில் ஐந்து கட்டம் போட்டு, பகுதிவாரியாகப் பெற்ற கிரெடிட்டைப் பென்சிலால் எழுதிக் கூட்டுங்கள். அதை நீங்கள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டுக்குரிய விதிமுறையோடு ஒப்பிட்டு, விடுபட்டது எதுவாயினும் ஐந்தாம் செமஸ்டர் தேர்வுக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே துறைத்தலைவரிடம் எழுத்துமூலம் தெரிவியுங்கள்.