பழைய சி நிரலை என்ன செய்வது?

இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும், சி மொழியில் எழுதிய ஓபன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் 1.0.1 பதிப்பு 2012 மார்ச்சில் வந்தது. அதில் இருந்த ஹார்ட்ப்ளீட் என்ற ஓட்டை 2014 ஏப்ரலில்தான் வெளியே தெரிந்தது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு முனை சிறு செய்தி அனுப்பும். மறுமுனை அதையே திருப்பி அனுப்பும். செய்தியின் நீளம் இரண்டு பைட்டில் குறித்திருக்கும். ஒரே ஒரு பைட்டை அனுப்பிவிட்டு நீளம் 65,535 என்று போட்டால், சர்வர் அதை அப்படியே நம்பியது. நினைவகத்தை நகலெடுக்கும் மெம்காப்பி என்ற சி செயற்கூறு, அந்த ஒரு பைட்டுக்கு அடுத்து நினைவகத்தில் கிடந்ததையெல்லாம், கடவுச்சொல் உட்பட, அள்ளிக் கொடுத்தது.

விடுபட்டது, குறித்த நீளம் உண்மையில் வந்த செய்திக்குள் அடங்குகிறதா என்று பார்க்கும் ஓர் இஃப் சோதனை. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் சி கம்பைலர் அதைக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. நினைவகத்தில் ஓர் இடத்தைச் சுட்டும் பாயின்டருக்கு முகவரி தெரியும், எவ்வளவு தூரம் போகலாம் என்பது தெரியாது. ரஸ்ட் மொழியில் ஸ்லைஸ் (தொடர்ச்சியான தரவின் ஒரு பகுதியைக் குறிப்பது) தன் நீளத்தைக் கூடவே வைத்திருக்கும். எல்லை தாண்டினால் நிரல் அங்கேயே நின்றுவிடும். சேவை தடைபடலாம், ரகசியம் கசியாது. ஜாவா, கோ மொழிகளும் இதைச் செய்யும். ஆனால் அவற்றில் பயன்படாத நினைவகத்தைத் தானாக மீட்கும் குப்பை சேகரிப்பான் நிரலை இடையில் நிறுத்திவைப்பதைத் தாங்க முடியாத இடங்களில் ரஸ்ட்தான் பொருந்தும்.

அதற்காகப் பல லட்சம் வரிகளைத் திரும்ப எழுத வேண்டாம். ஆண்ட்ராய்டு குழு பழையதைப் பெரும்பாலும் தொடாமல், புதிதாக எழுதுவதை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளுக்கு நகர்த்தியது. 2019-இல் அதன் பாதுகாப்பு ஓட்டைகளில் 76 சதவீதம் நினைவகப் பிழைகள். 2024-இல் 24 சதவீதம். இத்தகைய பிழைகள் பெரும்பாலும் புதிதாக எழுதிய, அண்மையில் திருத்திய வரிகளில்தான் இருக்கும். பல ஆண்டு ஓடிய நிரலில் அவை ஒவ்வொன்றாகப் பிடிபட்டுக் குறைந்திருக்கும்.

சிக்கல் வருவது இரு மொழிகளும் சந்திக்கும் எல்லையில். சி-யில் நினைவகத்தை ஒதுக்கும் செயற்கூறு மாலோக், விடுவிப்பது ஃப்ரீ; மாலோக் ஒதுக்கியதை ஃப்ரீதான் விடுவிக்க வேண்டும். ரஸ்டிடம் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ரஸ்ட் கம்பைலர், பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிய ஸ்ட்ரக்டின் உறுப்புகளை வரிசை மாற்றி அடுக்கக்கூடும். சி-க்குக் கொடுக்கும் ஸ்ட்ரக்டுகளில் சி அமைப்பைப் பின்பற்றச் சொல்லும் குறிப்பை எழுதாவிட்டால், எண் இருக்க வேண்டிய இடத்தில் பாயின்டர் வந்து நிற்கக்கூடும். இந்த வேலையையெல்லாம் ஒரே சிறு மாட்யூலில் அடைத்து, ஒவ்வொரு அன்சேஃப் தொகுதியின் (கம்பைலரால் சரிபார்க்க முடியாத, எழுதுபவரே பொறுப்பேற்கும் பகுதி) தலையிலும் அது ஏன் சரி என்று ஒரு வரி எழுதச் சொல்வேன். ரிவ்யூவில் முதலில் படிக்க வேண்டியது அந்த வரிதான்.

தொடங்க நல்ல இடம், வெளியிலிருந்து வரும் பைட்டுகளைப் பிரிக்கும் பகுதி: படம், எழுத்துரு, நெட்வொர்க் பாக்கெட்.